கணித மேதை டூரிங்

இன்று பாங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் ரெயில் நிலையத்திலும் கோர்ட்டிலும் கம்ப்யூட்டர் இன்றி வேலை நடப்பதில்லை. அந்த யந்திரத்துக்கு உருவம் ஏற்படுவதற்கு முன்பே அதன் இலக்கணத்தை வகுத்துவிட்டவர் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயர். இரண்டாவது உலக மகா யுத்தத்தில் தம் தேசத்தைக் காத்தவர்களுள் அவர் முன் வரிசையில் நின்றவர். அந்தத் தேசத்தின் சட்டமே அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. இவ்விரண்டையும் சேர்த்தே அவர் சரித்திரத்தைப் படிக்க வேண்டும்.

டூரிங்கின் குடும்பத்துக்கும் பழைய சென்னை ராஜதானிக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. தகப்பனார் ஜூலியஸ் டூரிங் இங்கே ஐ.ஸி.எஸ். உத்தியோகம் பார்த்தவர். தாயார் ஈதல் ஸாரா 1881-ல் போத்தனூரில் பிறந்தவர். அவருடைய தந்தை எட்வர்ட் ஸ்டோனி சென்னை ரெயில்வேயின் தலைமை எஞ்சினீயர். மூத்த குமாரர் ஜான் குன்னூரில் பிறந்தார். இளையவரான ஆலன் 1912-ம் வருஷம் ஜூன் 23-ந் தேதி லண்டனில் பிறந்தார். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியபொழுது குழந்தைகள் இங்கிலாந்தில் பிறர் வீட்டில் வளர விடப்பட்டனர். நம்மை ஆளுவதற்கு ஆண்டவர்களும் இப்படி ஒரு விலை கொடுத்தார்கள்.

ஷெர்போர்ன் பள்ளியில் டூரிங் உபாத்தியாயர்களுக்கு உகந்த மாணவராயிருக்கவில்லை. பாடத்தை விட்டுத் தமக்குத் தோன்றிய கணக்குகளில் மூழ்கிவிடுவார். அங்கே அவருக்கு உயிர்த் தோழராக வாய்த்த கிறிஸ்டபர் மார்க்கம் 1930-ல் க்ஷயரோகத்தால் மாண்டது அவர் உள்ளத்தில் ஆறாத புண்ணாயிற்று. 1931-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தவர், 1935-ல், இருபத்திரண்டாம் வயதிலேயே, அக்கல்லூரியின் பெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அக்காலத்தில் ஜெர்மன் கணித மேதை ஹில்பர்ட் ஒரு கேள்வியை எழுப்பியிருந்தார். எந்தக் கணித வாக்கியத்தைக் கொடுத்தாலும் அது நிரூபிக்கத்தக்கதா அல்லவா என்று தீர்ப்பதற்கு ஒரு பொது முறை உண்டா என்பதே அது. டூரிங் 1936-ல் எழுதிய கட்டுரையில் விடை அளித்தார். முறை என்றால் என்ன என்பதிலிருந்தே அவர் ஆரம்பித்தார். கையில் விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, சுயபுத்தியைச் சிறிதும் உபயோகிக்காமல், விதிப்படியே கணக்குப் போடும் ஒரு குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குமாஸ்தாவின் இடத்தில் டூரிங் ஒரு யந்திரத்தைக் கற்பனையில் நிறுத்தினார். கட்டங்கள் போட்ட முடிவற்ற நாடா ஒன்று. ஒரு சமயத்தில் ஒரு கட்டத்தை மட்டும் அந்த யந்திரம் பார்க்கும். அங்குள்ள குறியையும் தன் அப்போதைய நிலையையும் கொண்டு குறியை மாற்றி எழுதும். இடமோ வலமோ ஒரு கட்டம் நகரும். தன் நிலையையும் மாற்றிக்கொள்ளும். இவ்வளவுதான் அதன் தொழில். ஆயினும் விதிப்படி கணக்கிடக்கூடிய எதையும் இது கணக்கிடும் என்று அவர் வாதித்தார்.

மேலும், மற்ற யந்திரங்களின் விதிகளை நாடாவில் எழுதிக் கொடுத்தால், அவை செய்யும் வேலை அனைத்தையும் ஒரே யந்திரம் செய்ய முடியும் என்றும் காட்டினார். ஒரே கம்ப்யூட்டர் ஒரு சமயம் கணக்கெழுதுவதும் மறு சமயம் படம் வரைவதும் இந்தத் தத்துவத்தினால்தான். இவ்வித யந்திரங்களாலும் தீர்க்க முடியாத கேள்விகள் உண்டென்று நிரூபித்து, ஹில்பர்ட் தேடிய பொது முறை இல்லை என்றும் ஸ்தாபித்தார். அமெரிக்காவில் அலோன்ஸோ சர்ச் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்திருந்தார். தானியங்கிகளைப் பற்றிய சாஸ்திரம் இவ்வடித்தளத்தின்மேல் வளர்ந்தது. நாடாவை மாற்றி எழுதும் சக்தியை நீக்கிவிட்டு, அளவான நிலைகளை மட்டும் உடைய சிறு தானியங்கிகளை ரேபின், ஸ்காட் என்னும் இருவர் 1959-ல் ஆராய்ந்தனர். பெரும் நூலில் ஒரு சொல்லைத் தேடுவதற்கும், கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளைகளில் பதம் பிரிப்பதற்கும் இன்று இவை பயன்படுகின்றன. நம் பெண்கள் வாசலில் இடும் கோலங்களையும் இச்சாஸ்திரத்தின் இலக்கண விதிகளுக்குள் அடக்கிக் காட்டியவர்கள் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் ஆவர்.

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டதும் டூரிங் பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில் ரகசிய வேலைக்குச் சென்றார். ஜெர்மானியர் தம் உத்தரவுகளை எனிக்மா என்னும் யந்திரத்தால் சங்கேதமாக்கி அனுப்பினர். போலந்து தேசத்துக் கணித சாஸ்திரிகள் முன்னரே அதில் வழி கண்டு, யுத்தத்துக்குச் சில வாரங்கள் முன்பு தங்கள் வித்தையைப் பிரிட்டனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்பெருமை அவர்களுக்கு உரியது. அதற்குமேல் டூரிங் பாம்ப் என்னும் யந்திரத்தை வகுத்தார். வெல்ச்மன் அதைத் திருத்தி வலுவாக்கினார். ஜெர்மன் நீர்மூழ்கிகளின் சங்கேதத்தை உடைத்த பிரிவுக்கும் டூரிங்கே தலைவராயிருந்தார். போதிய ஆள் இல்லாமல் வேலை தடைப்பட்டபொழுது, 1941 அக்டோபரில் அவரும் மூன்று சகாக்களும் மேலதிகாரிகளைத் தாண்டிச் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதினர். வேண்டியது உடனே கிடைத்தது. இந்த ஊழியம் முழுவதும் 1970-களின் நடுப்பகுதி வரை உலகறியாமல் மறைக்கப்பட்டிருந்தது.

யுத்தம் முடிந்தபின் தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலையில் கம்ப்யூட்டர் ஒன்றுக்குத் திட்டம் தயாரித்தார். 1948-ல் மான்செஸ்டர் சர்வகலாசாலைக்குச் சென்றார். யந்திரம் சிந்திக்குமா என்பதைப் பரீக்ஷை செய்யும் வழியை 1950-ல் எழுதினார். மறு வருஷம் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது.

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. போலீஸில் புகார் செய்யப் போனவர், விசாரணையின்போது தமக்கு வேறோர் ஆடவருடன் உறவு உண்டென்பதை மறைக்காமல் சொன்னார். திருடு கொடுத்தவர் கைதியானார். 1885-ம் வருஷச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. வயது வந்த இருவர் சம்மதத்துடன் தனியே கொண்ட உறவில் யாருக்கும் நஷ்டமில்லை; ஆனால் சட்டம் நஷ்டத்தைக் கேட்கவில்லை. சிறைக்குப் பதிலாக, ஆண்மையை ஒடுக்கும் மருந்தை ஒரு வருஷம் உடலில் ஏற்றிக்கொள்ள அவர் இசைந்தார். சர்க்காரின் ரகசிய வேலையிலிருந்தும் நீக்கப்பட்டார். கோர்ட்டில் தம் யுத்தகால ஊழியத்தை எடுத்துச் சொல்ல அவருக்கு வாயில்லை. ரகசியப் பிரமாணம் கட்டியிருந்தது. 1954 ஜூன் 7-ந் தேதி ஸயனைட் விஷத்தால், நாற்பத்தோராம் வயதில், இறந்தார். தற்கொலை என்பது விசாரணையின் முடிவு. அதைச் சந்தேகிப்போரும் உண்டு.

இங்கிலாந்து 1967-ல் அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. 2009-ல் பிரதம மந்திரி வருத்தம் தெரிவித்தார். 2013-ல் ராணி மன்னிப்பு அளித்தார். 2021-ல் டூரிங்கின் உருவம் ஐம்பது பவுன் நோட்டில் ஏறியது. குற்றமே செய்யாதவருக்கு மன்னிப்பு எதற்கு என்று கேட்பது நியாயமே.

ஆனால் ஆங்கிலேயரைக் குறை கூறிவிட்டு நாம் எழுந்து போய்விடலாகாது. 1860-ல் அவர்கள் நமக்கு எழுதிக் கொடுத்த தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவும் இதே இனத்தைச் சேர்ந்தது. வயது வந்தோரின் சம்மத உறவு அதன்படி குற்றமாகாது என்று சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 6-ந் தேதிதான் தீர்ப்பளித்தது. எஜமானர்கள் கைவிட்ட விலங்கை அவர்களுக்குப்பின் ஐம்பத்தோரு வருஷம் நாம் காப்பாற்றி வைத்திருந்தோம். அந்நியனை வெளியேற்றியதோடு சுயராஜ்யம் பூர்த்தியாவதில்லை. அவன் எழுதி வைத்துப் போன ஒவ்வொரு விதியையும், இது யாரைக் காக்கிறது, யாரை அழிக்கிறது என்று நாமே கேட்டுத் தீர்க்க வேண்டும். சுயபுத்தியின்றி விதியைப் பின்பற்றுவது யந்திரத்துக்குத் தகும். சுதந்திர ஜனங்களுக்குத் தகாது.