ரத்தக்கட்டியின் வழியைக் கண்டவர்

குழந்தைகளே! ஒரகடம் சாலையின் நடுவே ஒரு லாரி பழுதாகி நின்றால் என்ன ஆகும்? பின்னால் வரும் வண்டிகள் நகர முடியாது அல்லவா? மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்தாலும் அப்படித்தான். ரத்தம் கிடைக்காத பகுதி செயல் இழக்கும். பக்கவாதத்துக்கு முக்கியக் காரணம் இதுவே. இந்தக் கட்டிகளின் வழியைக் கண்டறிந்தவர் ருடால்ஃப் விர்ச்சோ.

இவர் 1821-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், இன்றைய போலந்தில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை விவசாயி. உதவித்தொகையில் பெர்லின் நகரில் மருத்துவம் பயின்று, 1843-இல் பட்டம் பெற்றார்.

ரத்தக்குழாயின் சுவர் வீங்குவதே பல நோய்களுக்குக் காரணம் என்று அக்காலத்தில் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் கூறிவந்தார். அது சரியா என்று ஆராயும் வேலை இளைஞர் விர்ச்சோவிடம் வந்தது. இறந்தவர்களின் உடல்களைச் சோதித்தார். நுரையீரலில் கட்டி இருந்த பலருக்குக் கால் ரத்தக்குழாயிலும் கட்டி இருந்தது. காலில் உண்டான கட்டியே உடைந்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போயிருக்குமோ என்று எண்ணினார்.

எண்ணினால் போதுமா? நாய்களின் ரத்தக்குழாயில் சிறு ரப்பர் துண்டுகளைச் செலுத்திப் பார்த்தார். அவை நுரையீரலில் போய்ச் சேர்ந்தன! 1846-இல் இதை வெளியிட்டபோது அவருக்கு வயது 25கூட நிறையவில்லை. இதே போலக் கட்டிகள் மூளைக்கும் போகும் என்று பின்னர் விளக்கினார்.

1848-இல் ஒரு பகுதியில் கொடிய காய்ச்சல் பரவியது. வறுமையும் கல்வியின்மையுமே காரணம் என்று அரசிடம் துணிந்து சொன்னார். அடுத்த ஆண்டே பெர்லின் பதவி பறிபோனது. ஆனால் 1856-இல் அதே நகரம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மக்களுக்குச் சுத்தமான குடிநீரும் கழிவுநீர்க் கால்வாயும் கிடைக்க உழைத்த அவர், 1902-இல் மறைந்தார்.

இன்று தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளையை அடைத்த கட்டியை வெளியே எடுக்கிறார்கள். இதனால் உண்மையில் பயன் உண்டா? 2013-இல் வெளியான சோதனைகளில் பயன் தெரியவில்லை. மருத்துவர்கள் சோர்ந்துவிடவில்லை. நல்ல கருவிகளோடு, பெரிய குழாய் அடைத்த நோயாளிகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்து மீண்டும் சோதித்தார்கள். நெதர்லாந்தில் 500 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2015-இல் வெளியானது. கட்டியை எடுக்கும் சிகிச்சையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 33 பேர் மூன்று மாதத்தில் தம் வேலையைத் தாமே செய்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 19 பேரே அப்படித் தேறினார்கள்.

இந்தச் சிகிச்சைக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வீட்டில் யாருக்காவது திடீரென வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், உடனே 108-ஐ அழையுங்கள்!