செண்பகத்தின் உறவில் ஒரு புதுமலர்

இங்கிலாந்திலே விஸ்லி என்னும் ஊரில் அரச தோட்டக்கலைச் சங்கத்தாரின் பெரிய பூந்தோட்டம் ஒன்று உண்டு. அத்தோட்டத்து மேட்டுச் சரிவிலே, ஒவ்வோர் இளவேனிலிலும் இலை விடுமுன்னரே வெண்பூக்களால் தன்னை மூடிக்கொள்ளும் ஒருவகை மக்னோலியா நிற்கிறது. அதன் மூதாதை ஜப்பானிய நாட்டு மரம். அது வளர்ந்ததோ ஆங்கில மண்ணில். எனினும் அவ்வகைக்கு வழங்கும் பெயர் ஜானகி அம்மாள் என்பது. பூவை உண்டாக்கியவரின் பெயரே பூவுக்கும் பெயராயிற்று.

மக்னோலியா என்றதும் அது நமக்கு எட்டாத அந்நியப் பூ என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நம் கோயில்களில் சுவாமிக்குச் சாத்தும் செண்பகம் அந்தக் குடும்பத்துப் பூவே. சிங்களச் சகோதரர்கள் சப்பு என்று சொல்லும் மரமும் அதுதான். இன்றைய தாவரவியலார் செண்பகத்தை மக்னோலியா என்ற பெயரின் கீழேயே வைத்து எண்ணுகின்றனர். ஆதலால், சங்கத்தின் இவ்வாண்டு மலரிலே இந்தப் பூவைச் செய்தவரின் கதையைச் சொல்ல நமக்கு உறவுமுறையிலேயே உரிமை இருக்கிறது.

ஜானகி அம்மையார் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி வட மலபாரிலுள்ள தலைச்சேரியில் பிறந்தார். எடவலத்துக் கக்கட்டு என்பது குடும்பப் பெயர். தந்தையார் கிருஷ்ணன் அக்காலச் சென்னை மாகாணத்தில் உப நீதிபதியாக இருந்தவர். நீதிமன்றத்து வேலை போக எஞ்சிய பொழுதைத் தோட்டத்திலும், பறவைகளைக் கவனித்துக் குறிப்பெழுதுவதிலும் கழித்தவர். தாய்வழிப் பாட்டனார் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பாட்டி மலையாளப் பெண்மணி. குடும்பத்தார் தீயர் வகுப்பினர். இவற்றையெல்லாம் ஏன் சொல்கிறோம் என்றால், சாதியும் நிறமும் மனிதரை எங்கெங்கே நிறுத்திவைக்கும் என்பதைப் பிள்ளைப் பருவத்திலேயே அறிந்த ஒருவர் பின்னாளில் கலப்பினங்களை ஆராயப் புகுந்தார் என்பது நினைந்து பார்க்கத்தக்கது.

தலைச்சேரியில் திருவிருதயக் கன்னியர் மடத்துப் பாடசாலையில் அவர் கல்வி தொடங்கிற்று. நாமும் மிஷன் பாடசாலையிற் படித்தவர்களே. வகுப்பறைக்கு ஒரு செடியைக் கொண்டுவந்து வைத்து, அதன் பூவைப் பிரித்து மேசைமேற் பரப்பிக் காட்டும் ஆசிரியர் ஒருவர் வாய்த்தால் அது எவ்வளவு தூரம் ஒரு பிள்ளையை இழுத்துச் செல்லும் என்பது நமக்குத் தெரியும். அம்மையாரை அது கடல் கடந்து இழுத்துச் சென்றது. சென்னை இராணி மேரி கல்லூரியிற் பயின்று, 1921இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியற் சிறப்புப் பட்டம் பெற்றார். பின்னர் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையானார்.

இந்நிலையில் வீட்டார் உறவுக்குள்ளேயே அவருக்கு ஒரு திருமணம் பேசினர். அதே காலத்தில் அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலையிலிருந்து, கீழைத்தேயப் பெண்களுக்கென ஏற்பட்ட பார்பர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அவர் கப்பலைத் தேர்ந்தார். பின்பு வாழ்நாள் முழுவதும் மணஞ்செய்யவில்லை. சகோதரிகள் பலரும் இல்லறம் புகுந்த வீட்டிலே இப்படி ஒரு முடிவு எடுப்பது எளிதாய் இருந்திராது. நம் தோட்டப்புறங்களில், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை வரன் அமைந்துவிட்டது என்பதற்காகவே பாடசாலையிலிருந்து நிற்பதை இன்றும் காண்கிறோம். நூறாண்டுக்கு முன் ஒரு தலைச்சேரிப் பெண் எதை மறுத்தார் என்பதைப் பெரியோர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மிச்சிகனில் அவர் 1931இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றார். நாடு திரும்பித் திருவனந்தபுரத்தில் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியிலே இரண்டாண்டு பேராசிரியையாக இருந்தார். 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றார்.

அந்நிலையம் 1912இல் நிறுவப்பட்டது. பார்பர் என்ற ஆங்கிலேயரும் அவருக்குப் பின் வெங்கடராமன் அவர்களும் அங்கே, இனிப்பு மிகுந்த தடித்த கரும்பையும் வலிமை மிகுந்த காட்டுக் கரும்பாகிய நாணலையும் மணம் முடித்துப் புதுக்கரும்புகளைத் தோற்றுவித்தனர். அவ்வாறு பிறந்தவை இந்தியாவின் கரும்பு வயல்களையே மாற்றின. அப்பிள்ளைகளின் உடலுக்குள்ளே என்ன நிகழ்ந்தது என்பதைக் கண்டறிவதே அம்மையாரின் பணி. ஒவ்வொரு கலத்தினுள்ளும் நூலிழை போல் கிடக்கும் நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து எண்ணுவது அது. தடித்த கரும்புக்கு 80; சோளத்துக்கு 20. அவர் கரும்பையும் சோளத்தையும் இணைத்துப் பெற்ற கலப்பினத்தைப் பற்றியும், கரும்புக்கும் மூங்கிலுக்கும் பிறந்தவற்றின் நிறமூர்த்தக் கணக்கைப் பற்றியும் 1938இல் எழுதினார். புல்லினங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கிய சுற்றம் என்பது இதனால் விளங்கிற்று.

வேலை சிறந்தது, சூழ்நிலை சிறக்கவில்லை. ஆண்களே நிறைந்திருந்த இடத்தில் மணமாகாத ஒரு பெண், அதிலும் தாழ்ந்தவர் என அக்காலத்தார் எண்ணிய வகுப்பிலிருந்து வந்தவர், தமக்கு உரிய மதிப்பைப் பெறப் போராட வேண்டியிருந்தது.

1939 ஓகஸ்ட் மாதத்தில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் உலகப் பிறப்புரிமையியல் மகாநாடு கூடிற்று. அதற்குச் சென்ற அம்மையார் ஊர் திரும்பவில்லை. சில நாளில் உலக யுத்தம் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1940 முதல் 1945 வரை இலண்டன் புறநகராகிய மேர்ட்டனில் ஜோன் இன்னெஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். ஜெர்மானிய விமானங்கள் இரவிலே குண்டு பொழிந்தன. அந்நேரத்தில் கட்டிலின் கீழே பதுங்கிக் கிடந்து, விடிந்ததும் ஆய்வுகூடத்து உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடியும் எண்ணத் தொடங்குவார் என்று அவர் உறவினர் கூறுவர். அந்த எண்ணிக்கையின் பயனாக, 1945இல் டார்லிங்டன் என்னும் அறிஞரும் அவரும் சேர்ந்து, மனிதர் பயிரிடும் தாவரங்களின் நிறமூர்த்தத் தொகைகளைத் திரட்டிய பெருநூலை வெளியிட்டனர். பயிர்விருத்தி செய்வோருக்கு அது பஞ்சாங்கம் போல் ஆயிற்று. எந்தச் செடிக்கு எந்தச் செடி பொருந்தும், எது பொருந்தாது என்பதற்குத் தொகைப் பொருத்தமும் ஒரு பொருத்தமல்லவா?

1946இல் விஸ்லித் தோட்டம் அவரை அழைத்தது. இனி நம் பூவின் கதைக்கு வருவோம்.

புதுப்பூ ஒன்றைப் பெறுவதற்குப் பழைய வழி, ஒரு செடியின் மகரந்தத்தை எடுத்து மற்றொரு செடியின் சூல்முடியில் இட்டு, விளையும் விதையை முளைக்கவைத்துக் காத்திருப்பது. ரோசாவும் ஓர்க்கிட்டும் பெரும்பாலும் அவ்வாறே பெருகின. மற்றொரு வழி, மகரந்தம் மாற்றாமலே, ஒரே செடியின் நிறமூர்த்தத் தொகையை இரட்டிப்பது. கலம் இரண்டாகப் பிரியுமுன் தன்னிடமுள்ள நிறமூர்த்தங்களை இருமடங்காக்கிக்கொள்ளும். பின் அவற்றைப் பாதிபாதியாகப் பங்கிட்டு இரு கலங்களாகும். அப்படிப் பங்கிடும் வேளையில் கொல்சிசின் என்னும் நஞ்சு உட்புகுந்தால் பாகப்பிரிவினை நின்றுபோகும். சொத்து இரட்டித்துவிட்டது, வீடு பிரியவில்லை. அந்தக் கலத்திலிருந்து வளரும் கிளை முழுவதும் இருமடங்கு நிறமூர்த்தங்களோடு வளரும். இந்நஞ்சின் ஆற்றல் 1937இல் அமெரிக்காவில் வெளிப்படுத்தப்பட்டது.

இந்த நஞ்சு எதிலிருந்து வருவது? கொல்ச்சிக்கம் என்னும் ஐரோப்பியப் பூண்டின் கிழங்கிலிருந்து. நம் வேலியோரங்களில் தீச்சுடர் போலப் பூக்கும் கார்த்திகைப்பூவின் கிழங்கிலும் விதையிலும் இருப்பதும் இதே கொல்சிசின்தான். பிள்ளைகளை அதன் கிழங்கைத் தொடவிடாமல் பாட்டிமார் விரட்டுவது காரணமில்லாமல் அன்று. இன்று தமிழ்நாட்டில் அதன் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள்.

அம்மையார் ஜப்பானிய மக்னோலியாவின் இளநாற்றுக்களை எடுத்துக்கொண்டார். வித்திலைகள் நன்கு விரிந்த பருவத்தில் குருத்து நுனியிலே கொல்சிசின் கரைசலை இட்டார். அந்த மரத்தின் இயல்பான தொகை 38. நம் செண்பகத்துக்கும் அதுவே. இரட்டித்தால் 76 ஆகும். சொல்லும்போது ஒரு துளி மருந்தின் வேலை போல் தோன்றும். உண்மையில் இம்முறையில் நாற்றுக்கள் பல கருகிப்போகும். சில பாதி மாறிப் பாதி மாறாமல் நிற்கும். மாறியவற்றைக் கண்டுகொள்ள மீண்டும் நுணுக்குக்காட்டியின் முன் உட்கார வேண்டும். அதன் பின்னரும் மக்னோலியா அடுத்த ஆண்டே பூத்துக் காட்டும் செடியன்று. பல ஆண்டு பொறுத்திருக்க வேண்டிய மரம். பூத்தபோது, இலை தடித்திருந்தது, வெள்ளிதழ்களும் தடித்திருந்தன, எளிதில் வாடாமல் நின்றன. அந்த மரங்களுக்கே அவர் பெயரை இட்டனர்.

அழகிய பூ என்பதற்காக மட்டும் அவர் இதைச் செய்தார் என்று நாம் கருதவில்லை. விஸ்லியில் இருந்த ஆண்டுகளில் றோடோடென்ட்ரன் செடிகளின் நிறமூர்த்தங்களையும் அவர் ஆராய்ந்தார். நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் செக்கச்செவேலென்று பூக்கும் மகா ரத்மல் மரம் அவ்வினத்தது. குளிரும் உயரமும் மிகுந்த மலைநாடுகளில் தாவரங்கள் தாமாகவே தொகையை இரட்டித்துப் புதிய இனங்களாக மாறியிருப்பதை அவர் தேடிக்கொண்டிருந்தார். இமயமலைச் சாரலில் இயற்கை பல்லாயிரம் ஆண்டிற் செய்ததைத் தாம் ஒரு நாற்றின் நுனியிலே செய்து பார்த்தார். தோட்டக்காரருக்குப் பூ கிடைத்தது. அவருக்கு விடை கிடைத்தது.

நிற்க. 1951இல் பிரதமர் நேரு அவரை நாட்டுக்கு அழைத்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீர்படுத்தும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. இந்தியச் செடிகளின் சிறந்த மாதிரிகளெல்லாம் இலண்டனிலும் கியூவிலும் கிடக்க, இந்தியர் தம் செடியைப் பார்க்கக் கப்பலேற வேண்டியிருந்த நிலையை அவர் எடுத்துக்காட்டினார். அவர் விரும்பியவாறெல்லாம் அத்துறை அமையவில்லை. அலகாபாத்திலும் பின்னர் ஜம்முவிலும் பணிபுரிந்தார். பதவிகளின் பட்டியல் நீளமானது. அதை விடுத்து ஒன்றை மட்டும் சொல்வோம். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் எவ்வாறு மாற்றிவிட்டான் என்பது பற்றி உலக அறிஞர் கூடி ஆராய்ந்தபோது, அழைக்கப்பட்ட ஒரே பெண்மணி இவரே. உணவுப் பெருக்கத்துக்காகக் காடுகள் அழிக்கப்படும் வேகம் அவரைக் கலங்கவைத்தது. புதுச்செடி படைத்தவர், இருக்கும் செடி அழியாமற் காப்பதைப் பற்றியே பிற்காலத்தில் அதிகம் பேசலானார்.

1970இல் அவர் சென்னைக்கு வந்து, சென்னைச் சர்வகலாசாலையின் மதுரவாயல் ஆய்வுத் தோட்டத்திலே தங்கினார். மருந்து மூலிகைகளை வளர்த்தார். மஞ்சட் சேலையும் சில உடைமைகளுமாகக் காந்தியடிகள் காட்டிய எளிமையில் வாழ்ந்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அவ்வாண்டுகளில் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் மின்சாரத்துக்காக ஓர் அணை கட்டத் திட்டமிட்டனர். பழைமையான மழைக்காடு நீரில் மூழ்கும் நிலை. எண்பது வயதைக் கடந்த அம்மையார் அதை எதிர்த்தோர் வரிசையில் நின்றார். எதிர்த்ததோடு அமையாமல் அந்தக் காட்டு மரங்களின் நிறமூர்த்தங்களையும் எண்ணிப் பதிவுசெய்ய முற்பட்டார். ஒன்று அழியப்போகிறதானால் அதன் கணக்காவது நம்மிடம் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம் போலும்.

1984 பெப்ரவரி 7ஆம் திகதி மதுரவாயலில் தம் ஆய்வுகூடத்தில் வேலையாக இருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அணை கட்டப்படவில்லை. அவ்வாண்டிலேதான் நம் திகனைக்கு அருகே விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கிப் பழைய தெல்தெனிய நகர் நீருக்குள் சென்றது. நமக்கு அந்த நீரால் விளக்கு எரிகிறது, வயல் விளைகிறது. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அப்பள்ளத்தாக்கில் நின்ற மரஞ்செடிகளை இப்படி ஒருவர் உட்கார்ந்து எண்ணினாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

2018இல் கொடைக்கானலைச் சேர்ந்த ரோசா வளர்ப்பாளரான வீரராகவன் தம்பதியர் தாம் உண்டாக்கிய புதிய ரோசா ஒன்றுக்கு ஜானகி அம்மாள் என்று பெயரிட்டனர். விஸ்லியின் வெண்பூவுக்கு இப்போது தமிழ்நாட்டு மலையிலே பெயரால் ஒரு தங்கை இருக்கிறாள்.