பாலை விளிம்பின் வரலாற்றாசிரியர்

பாலைவெளியும் பட்டணமும் சந்திக்கும் வட ஆப்பிரிக்காவின் வரலாற்றை வகுத்தளித்த பேரறிஞர் இப்னு கல்தூன். 1332இல் தூனிஸ் நகரில் பிறந்த அவர், இளமையிலேயே கொள்ளைநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தார். அரசவைகளிலும் சிறையிலும் காலங்கழித்தபின், 1375இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு சலாமா கோட்டையில் ஒதுங்கி, 1377இல் ‘முகத்திமா’வை எழுதி முடித்தார்.

மன்னர்தம் வெற்றிகளை அடுக்குவதோடு நில்லாமல், அரபு, பெர்பர் குலங்களின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் அவர் காரணம் தேடினார். வறண்ட நிலத்தில் ‘அஸபிய்யா’ எனும் கூட்டுணர்வு வலுப்பெற்று அரசை நிறுவுகிறது. நகரத்துச் சுகபோகத்தில் சில தலைமுறைகளுக்குள் அது தேய, அரசும் சாய்கிறது என்று விளக்கினார்.

1384இல் மனைவி மக்களை எகிப்துக்கு ஏற்றிவந்த கப்பல் கடலில் மூழ்கியது. அத்துயரிலும் கெய்ரோவில் ஆசிரியராகவும் காஜியாகவும் பணியாற்றி, தம் நூல்களைச் செப்பனிட்டு வந்தார். 1406இல் மறைந்தார்.

முன்னோர் கூடி எழுப்பிய கல்லூரியில் வசதியாய்ப் பயிலும் நாம், அவர்களை இணைத்த அவ்வுணர்வைக் காத்து வருகின்றோமா?