அவைக்கு நேரம் வகுத்தவர்

திருச்சானூர் இன்று ஆந்திராவில் உள்ளது. ஆனால் 1891-ஆம் ஆண்டு மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார் அங்கே பிறந்தபோது, அவ்வூரும் நம் பெரணமல்லூரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 1911-இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று.

சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். வழக்கறிஞரானார், 1934-இல் மத்திய சட்டசபை புகுந்தார், விடுதலைப் போரில் சிறையும் கண்டார்.

1952-இல் மக்களவையின் துணைச் சபாநாயகரானார். அவ்வாண்டே அங்கு அலுவல் ஆய்வுக் குழு அமைந்தது. எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்று வகுப்பது அதன் வேலை. சபாநாயகரே அதற்குத் தலைவர். பாவின் நீளத்தை முன்பே அளக்காமல் தறியில் ஏற்ற முடியாது என்பதை நம் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா?

மவ்லங்கர் மறைந்தபின், 1956 மார்ச்சில் ஐயங்கார் சபாநாயகரானார். ஆளுங்கட்சி அசுர பலத்துடன் இருந்த காலம் அது. அரசுக்குக் கசக்கும் பொருளுக்கு நேரமில்லை என்று தள்ளிவிடுவது மிக எளிது. ஆயினும் 1957 டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஏறத்தாழ 1.25 கோடி ரூபாய் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் முடங்கியது பற்றி அவையில் விரிவாகவே விவாதம் நடந்தது. கிளப்பியவர் ஆளுங்கட்சிக்காரரான பெரோஸ் காந்தி! சாக்ளா விசாரணை தொடர்ந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பேசியவரை நாடு நினைவில் வைத்திருக்கிறது. அன்று அவையை நடத்தியவரை அவ்வளவாக நினைப்பதில்லை.

1962-இல் பீகார் ஆளுநராகச் சென்று, 1967 வரை அப்பதவியில் இருந்தார். 1978 மார்ச்சில் காலமானார்.