வலசை வழி கண்ட பேரறிஞர்

சேலம் நகரின் வடபால் சேர்வராயன் மலை ஓங்கி நிற்கிறது. அம்மலைமேல் அமைந்த ஏற்காட்டில், வேனிலின் வெம்மை தணிந்து ஆவணி, புரட்டாசித் திங்கள்கள் வரும்போது, ஓடைக் கரைகளை உற்று நோக்குவோர் ஒரு புதுமையைக் காணலாம். நேற்றுவரை அங்கு இல்லாத வாலாட்டிக் குருவி ஒன்று, நீண்ட வாலை மேலும் கீழும் அசைத்தபடி பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருக்கும். ஏரிக்கரைச் சேற்றிலே உள்ளான் ஒன்று ஓடியோடி இரை தேடும். வாலாட்டி இமயமலைச் சாரலிலிருந்து வந்தது. உள்ளானும் வடநாட்டுக் குளிருக்கு அஞ்சி வந்ததே. பங்குனி, சித்திரையில் இவை மீண்டும் வடக்கு நோக்கிச் சென்றுவிடும். பறவைகள் இவ்வாறு பருவந்தோறும் இடம் பெயர்தலை வலசை போதல் என்பர்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். குமரிக் கடலில் இரை தேர்ந்து வடமலைக்குச் செல்லும் அன்னத்தைப் பிசிராந்தையார் தூது விடுத்தமையைப் புறநானூறு கூறும். ஆயினும், இன்ன பறவை இன்ன நாட்டிலிருந்துதான் வந்தது, சென்ற ஆண்டு வந்த பறவையே இவ்வாண்டும் வந்தது என்று ஐயமின்றி மெய்ப்பிப்பது எங்ஙனம்? பறவையோ பேசாது. அதனைப் பேசவைக்கும் வழியை நம் நாட்டில் பரப்பிய பெருமைக்குரியவர் சலீம் அலி ஆவார்.

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். ஓராண்டு நிறைந்த அளவில் தந்தையை இழந்தார். மூன்று வயதிற்குள் தாயையும் இழந்தார். பெற்றோரை இழந்த அவரையும் உடன்பிறந்தோரையும் தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜி தம் மக்களாகவே வளர்த்தார். மாமன் வேட்டையில் விருப்பமுடையவர். அவ்வீட்டில் வளர்ந்த சிறுவனும் காற்றுத் துப்பாக்கி ஏந்திச் சிட்டுக்குருவிகளைச் சுட்டு வீழ்த்துவதைப் பெருவிளையாட்டாகக் கொண்டான்.

அவனுக்குப் பத்து வயது இருக்கும். ஒரு நாள் சுட்ட குருவியை எடுத்துப் பார்த்தபோது அதன் கழுத்தில் மஞ்சள் நிறத் தீற்று ஒன்று காணப்பட்டது. ஊர்க்குருவிக்கு அவ்வாறு இராதே என்று அவன் வியந்தான். மாமனைக் கேட்டான், அவருக்கும் தெரியவில்லை. 1883-இல் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அவர் சிறுவனை அனுப்பினார். கழகச் செயலாளராய் இருந்த மில்லர்டு என்னும் ஆங்கிலேயர், அச்சத்தோடு வந்து நின்ற சிறுவனை அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று பெயர் கூறினார். பதப்படுத்தி வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவை உடல்களைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். அன்று அச்சிறுவன் உள்ளத்தில் ஏற்றிய விளக்கு எண்பது ஆண்டுகள் அணையாது எரிந்தது.

எனினும் அவர் சென்ற வழி மேடும் பள்ளமும் நிறைந்தது. கல்லூரிக் கல்வியை இடையில் விட்டுப் பர்மாவிலுள்ள தவாய் என்னும் ஊருக்குச் சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலிலும் மரத் தொழிலிலும் துணை நின்றார். அங்கும் அவர் கண்கள் கணக்கேட்டை விடக் காட்டுப் பறவைகளையே மிகுதியாக நாடின. 1918-இல் தெஹ்மினா என்னும் நங்கையை மணந்தார். பம்பாய் அருங்காட்சியகத்தில் 1926-இல் விளக்கவுரையாளர் பணி கிடைத்தது. பறவையியலை முறையாகக் கற்க வேண்டும் என்னும் வேட்கையால் ஜெர்மனிக்குச் சென்று, பெர்லின் நகரில் ஸ்ட்ரெஸ்மான் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். வடகடலிலுள்ள ஹெலிகோலாந்துத் தீவையும் கண்டார். வலசை செல்லும் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் பூட்டி விடுவிக்கும் நிலையம் ஒன்று அங்கே இருந்தது. பறவையைக் கொல்லாமலே அதன் வரலாற்றை அறியலாம் என்பதை அவர் அங்கே நேரிற் கண்டார்.

தாயகம் திரும்பியபோது, நிதி இன்மையால் அருங்காட்சியகப் பணி இல்லாமற் போயிற்று. பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் அரசுப் பணியும் வாய்க்கவில்லை. பிறராயின் உள்ளம் சோர்ந்திருப்பர். சலீம் அலியோ மனைவியோடு கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குச் சென்று, வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளைத் திங்கள் கணக்கில் கூர்ந்து நோக்கினார். ஆண்குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்தும். பெண்குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் எஞ்சிய பாதியை முடிக்கும். பின்னர் வேறொரு கூட்டைத் தொடங்கும். இவ்வுண்மைகளை அவர் எழுதிய கட்டுரை அறிஞர் உலகின் பாராட்டைப் பெற்றது. வேலையின்மை அவருக்குக் கல்விச்சாலை ஆயிற்று.

அக்காலத்தே கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் உயிரினங்களை அறிய வெர்னே என்பார் பெயரால் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. நம் சேர்வராயன் மலைப் பறவைகளும் அவ்வாய்வில் இடம்பெற்றன. அதனை அடுத்து, 1931-இல் ஐதராபாத்து நாட்டிலும், 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளிலும் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியைச் சலீம் அலி மேற்கொண்டார். ஊதியம் பெரிதாக வேண்டாம். வழிச்செலவு கிடைத்தாற் போதும் என்பது அவர் கொள்கை. தெஹ்மினா காட்டுக் கூடாரங்களிலும் அவருக்கு உறுதுணையாய் இருந்தார். அவ்வம்மையார் 1939-இல் மறைந்தார். அத்துயரைப் பணியில் மூழ்கியே அவர் ஆற்றிக்கொண்டார். 1941-இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் பற்றிய நூல், எளிய மக்களுக்கும் பறவைகளை அறிமுகம் செய்தது.

இனி, அவரது வலசை ஆய்வைக் காண்போம். 1957-இல் மைசூர் நாட்டு ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன. மக்களும் கடுங்காய்ச்சலுக்கு ஆளாயினர். உருசிய நாட்டு நோய் ஒன்றோடு அந்நோய் ஒத்திருந்தது. எனவே, வடக்கிருந்து வரும் பறவைகளே அதனைக் கொணர்ந்தனவோ என்னும் ஐயம் எழுந்தது. ஐயம் தீராவிடில் பறவைகள் வீண்பழி சுமக்க நேரும். 1959-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய்க் கழகம் பெரிய அளவில் வளையமிடும் பணியைத் தொடங்கியது. சலீம் அலி அதற்குத் தலைமை தாங்கினார். பறவைகளே அந்நோயைக் கொணர்ந்தன என்பதற்குச் சான்று கிட்டவில்லை. ஆனால் அவை எங்கிருந்து வருகின்றன என்பதற்குச் சான்றுகள் கிட்டலாயின.

இப்பணி நடைபெறும் முறையை அறிதல் நலம். மாலையில் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத மெல்லிய நூல்வலையை நீர்நிலை ஓரத்தில் கட்டுவர். வலையிற் சிக்கிய பறவையை மெல்ல விடுவித்து, இன்ன இனம் என்று தெளிந்து, இறகை அளந்து, எடை பார்ப்பர். பின்பு எண்ணும் கழகத்தின் பெயரும் பொறித்த இலேசான உலோக வளையத்தைக் காலிற் பூட்டிப் பறக்கவிடுவர். பிறிதோரிடத்தில் அப்பறவை அகப்படுமாயின், கண்டவர் வளையத்தின் எண்ணை எழுதி அனுப்புவார். ஏட்டைப் புரட்டினால் எங்கே, எந்நாளில் வளையமிட்டது என்பது விளங்கும். இவ்வாறு செய்தி கிடைப்பது மிகச் சில பறவைகளுக்கே. ஆகவே ஆயிரக்கணக்கில் வளையமிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். இந்தப் பணிக்குப் பீகார் நாட்டு மீர்ஷிகார் குடியினரைச் சலீம் அலி துணைக்கொண்டார். அவர்கள் பறவைகளைப் பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்டவர்கள். விற்பதற்காகப் பிடித்த கைகள், அவரது பணியில் விடுவிப்பதற்காகப் பிடித்தன. பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சைபீரியாவில் கிடைத்தன.

நம் தமிழகத்திற்கும் அவர் செய்த நன்மை பெரிது. சேர்வராயன் மலைக்குத் தென்கிழக்கே, சோழ நாட்டுக் கடற்கரையின் ஒரு முனையில் கோடிக்கரை உள்ளது. காடும் கடலும் உப்புச் சதுப்பும் கூடிய அவ்விடத்திற்குப் பனிக்காலத்தில் பூநாரை, மூக்கன், உப்புக்கொத்தி, உள்ளான் முதலிய கரைப்பறவைகள் பெருந்திரளாய் வருகின்றன. கொசு உள்ளான் என்பது கைக்குள் அடங்கும் சிறு பறவை. எடை முப்பது கிராம்கூட இராது. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதோ வடதுருவத்தை அடுத்த பனிநாட்டில்! இக்கோடிக்கரையின் சிறப்பை 1960-களின் தொடக்கத்திலேயே சலீம் அலி உணர்ந்தார். 1967-இல் அது வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. கழகத்தார் அங்கே முகாமிட்டுப் பல ஆண்டுகள் பறவைகளுக்கு வளையமிட்டனர். 1980-களில் அப்பணி மேலும் விரிந்தது. 2002-இல் அப்பகுதி ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

வளையம் கற்பித்த பாடம் யாது? நெடும்பயணம் செய்யும் பறவைக்கு ஒரு நாடு மட்டும் வீடு அன்று. பிறக்க ஒரு நிலம், இடைவழியில் இளைப்பாறப் பல நிலம், பனிக்காலம் கழிக்க ஒரு நிலம் என அதன் வாழ்வு சங்கிலிபோல் தொடர்கிறது. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி பயனற்றதாகும். சைபீரிய மக்கள் எவ்வளவு பேணினும், நம் சதுப்பு நிலத்தை நாம் அழித்தால் அப்பறவை பிழையாது. 1980-களில் கோடிக்கரையிற் கண்ட அளவுக்குப் பல கரைப்பறவைகள் பின்னாளில் வரவில்லை. முன்னர் எண்ணி எழுதி வைத்த ஏடுகள் இருந்தமையாலேயே இக்குறைவு தெரிய வந்தது. எண்ணாதவர்க்கு இழப்பும் தெரியாது.

டில்லன் ரிப்ளி என்னும் அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து, இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகளைப் பற்றிய பத்துத் தொகுதிகளை 1968 முதல் 1974 வரை சலீம் அலி வெளியிட்டார். 1976-இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். உலகப் பரிசாகக் கிடைத்த பெரும்பொருளை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்தார். 1985-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் பறவையியல் ஆய்வு மையம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

துப்பாக்கியோடு தொடங்கிய அவ்வாழ்வு வளையத்தோடு நிறைவெய்தியது. ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டதும் அவர் வாழ்வில் உண்டு. அதனை அவர் மறைத்தாரல்லர். கொன்று அறிந்ததை விட, விடுவித்து அறிந்தது அவரைப் பறவைகளின் காவலராக்கியது. மாணவர்களே! ஏற்காட்டு ஓடைக்கரையிலோ உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ பனிக்காலப் பறவையைக் கண்டால், கல்லெடுக்காது நின்று பாருங்கள். வந்த நாளையும் இடத்தையும் ஏட்டிற் குறித்து வையுங்கள். காலில் வளையம் இருப்பின், அதன் எண்ணைக் கழகத்திற்கு எழுதுங்கள். பல காதம் கடந்து நம்மை நம்பி வரும் விருந்தினரைப் பேணுதல் தமிழர் கடனன்றோ?