தங்கையின் துயரும் தமக்கையின் தொண்டும்

மருத்துவம் என்பது மருத்துவர் ஒருவரால் மட்டும் நடைபெறுவதன்று. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து பணிவிடை செய்பவர் என அதனை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டினார் திருவள்ளுவர். இந்நால்வகையுள் இறுதியில் நிற்பவரின் பெயரை உலகம் பெரும்பாலும் அறிவதில்லை. இரவெல்லாம் விழித்திருப்பவரும், மருந்துண்ணும் வேளையை நினைவிற் கொள்பவரும், தம் கண்ணீரை மறைத்துக்கொண்டு நோயாளிக்கு நம்பிக்கை ஊட்டுபவரும் அவரே. மருத்துவராகவும், நோயுற்றவரின் உடன்பிறப்பாகவும் நின்று, அந்த இரு நிலையின் துன்பத்தையும் ஒருங்கே உணர்ந்த பெண்மணி ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். புதுக்கோட்டை மகாராசாக் கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபில் தோன்றியவர். பெண்மக்கள் எழுத்தறிவு பெறுவதையே வேண்டாததென்று கருதிய காலம் அது. உரிய வயது வந்ததும் மகளுக்கு மணம் முடிக்க வேண்டும் என்பதே தாயின் விருப்பமாக இருந்தது. ஆயினும் மகளின் கல்வி வேட்கையை உணர்ந்த தந்தையார் வீட்டிலேயே கற்பதற்கு வழி செய்தார். 1902-ஆம் ஆண்டில் அம்மையார் மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். ஆடவர் மட்டுமே பயின்றுவந்த கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று பலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடமளிக்க ஆணையிட்டார்.

பின்னர் 1907-இல் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலக் குறைவு அவரை அடிக்கடி வருத்தியது. எனினும் ஊக்கம் தளராது பயின்று, 1912-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அந்நாளில் மருத்துவப் பட்டம் பெற்ற இந்தியப் பெண்கள் மிகச் சிலரே. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்து, இல்லறத்தையும் மருத்துவத் தொழிலையும் ஒருங்கே நடத்தினார். புதுக்கோட்டையின் சிறிய வீட்டிலிருந்து புறப்பட்ட பெண், சென்னை மாநகரில் பலர் நாடிவரும் மருத்துவரானார். அவ்வேளையில்தான் அவர் இல்லத்தின்மேல் பெருந்துயரொன்று வந்து கவிந்தது.

அம்மையாரின் தங்கை சுந்தராம்பாள். அன்பு மிக்க அத்தங்கை நோயுற்றார். தொடக்கத்தில் அந்நோய் சீதபேதி என்றே கருதப்பட்டது. அதற்கேற்ற மருந்துகள் கொடுக்கப்பட்டன, நோயோ தணியவில்லை. உண்மையில் அது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய் என்பது காலங்கடந்தே தெரிந்தது. அறுவையும் ரேடியமுமே அந்நாளில் இந்நோய்க்கு இருந்த வழிகள். அவையும் நோய் பரவுவதற்கு முன் செய்யப்பட்டாலன்றிப் பயன் தருவது அரிது. 1923-ஆம் ஆண்டில் சுந்தராம்பாள் உயிர் நீத்தார்.

பிறர் நோயைத் தீர்க்கும் கைகள் தம் தங்கையின் நோயைத் தீர்க்க இயலாமற் போயின. கற்ற கல்வியும் பழகிய தொழிலும் இருந்தும், உரிய காலத்தில் நோயைக் கண்டறிய வாய்ப்பில்லை. கண்டறிந்த பின்னும் அதற்கெனத் தனி மருத்துவமனை இல்லை. மருத்துவரின் குடும்பத்துக்கே இந்நிலை என்றால், எழுத்தறியாத ஏழையின் குடும்பத்துக்கு என்ன நேரும்? இவ்வினா அம்மையாரின் உள்ளத்தை விட்டு நீங்கவேயில்லை.

அவ்வினாவின் பொருளை உணர, அதே 1923-ஆம் ஆண்டில் தமிழகத்தின் தெற்கே இருந்த சிவகாசியை நினைத்துப் பார்க்கலாம். மழை குறைந்த கரிசல் நிலம் அது. பிழைப்புக்கு வேறு வழி தேடி, அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். 1923-இல் அத்தொழிலைத் தம் ஊரில் தொடங்கினர். பின்னாளில் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் அங்கே பெருகின. விருதுநகர், சாத்தூர் வட்டாரங்களிலும் எண்ணற்ற குடும்பங்கள் அத்தொழில்களால் உணவு பெற்றன. செய்த வேலையின் அளவுக்கே கூலி பெறும் குடும்பங்கள் அவை. அத்தகைய வீட்டில் ஒருவர் நோயுற்றால் அவர் கூலி நிற்கும். உடனிருந்து பார்ப்பவரின் கூலியும் நிற்கும். 500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்கு அவர்கள் வந்து சேர்ந்தாலும், புற்றுநோய்க்கெனக் கதவு திறக்கும் மருத்துவமனை அங்கு அன்று ஒன்றும் இல்லை.

1925-ஆம் ஆண்டில் அம்மையார் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிப் பயில்வதே அப்பயணத்தின் நோக்கம். எனினும் இலண்டன் மாநகரில் புற்றுநோய்க்கெனவே அமைந்திருந்த மருத்துவமனையையும் அவர் கண்டார். நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் சிலரையேனும் காக்கலாம் என்பதும், அதற்கெனத் தேர்ந்த மருத்துவரும் கருவிகளும் ஓரிடத்தில் கூடவேண்டும் என்பதும் அங்கே அவருக்குத் தெளிவாயின. தங்கையை இழந்த துயரம் அன்று ஒரு நோக்கமாக உருப்பெற்றது.

நாடு திரும்பிய அம்மையாரைப் பொதுவாழ்வு அழைத்தது. சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பெரிதும் போராடினார். 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது, அதனைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். புகலிடமற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தை நிறுவினார். இத்தனைப் பணிகளுக்கிடையிலும் புற்றுநோய் மருத்துவமனை என்னும் எண்ணம் அவர் நெஞ்சின் ஓரத்தில் அணையாதிருந்தது. 1935-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அவ்விழாவில் அம்மையார் அவ்வெண்ணத்தை வெளிப்படையாகக் கூறினார்.

கூறியது நிறைவேற 19 ஆண்டுகள் ஆயின. சென்னைப் பொது மருத்துவமனையில் 1934-இல் பர்னார்டு கதிரியல் நிலையம் தொடங்கப்பட்டிருந்தது. பம்பாயில் 1941-இல் டாட்டா நினைவு மருத்துவமனை எழுந்தது. ஆனால் தென்னாட்டில் புற்றுநோய்க்கெனவே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அம்மையார் கேட்டபோது, பலர் அதனை ஏற்கவில்லை. இந்நோய் வந்தோர் பிழைப்பதில்லை; பிழையாதவருக்காகப் பெரும்பொருள் செலவிடுவது எதற்கு என்பதே அவர்கள் கருத்து. அரசினரிடமும் தொடக்கத்தில் ஆதரவு கிடைக்கவில்லை. போரும் பஞ்சமும் நாட்டை வாட்டிய ஆண்டுகள் இடையே வந்து சென்றன. வேறொருவராயின் மனமொடிந்து விட்டிருப்பர். அம்மையாரோ, பிழைப்பதில்லை என்று கைவிடுவதனாலேயே பலர் பிழையாமற் போகின்றனர் என்பதைத் தம் தங்கையின் முடிவிலிருந்து கற்றிருந்தார். ஆகவே ஒரு கதவு மூடியபோது மறு கதவைத் தட்டினார்.

1949-ஆம் ஆண்டில் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று தொடங்கப்பட்டது. செல்வர்கள் பெருந்தொகை அளித்தனர். எளியோர் தம்மால் இயன்ற சிறுதொகையை அளித்தனர். முதுமையையும் பாராது அம்மையார் பொருள் திரட்டினார். சென்னை அடையாற்றில் இடம் கிடைத்தது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் தலைமை அமைச்சர் சவகர்லால் நேரு அவர்கள் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் அது நோயாளிகளுக்காகத் திறக்கப்பட்டது. அப்போது அதில் இருந்தவை 12 படுக்கைகளே. சுந்தராம்பாள் மறைந்து 31 ஆண்டுகள் கழிந்திருந்தன. அம்மையார் தம் 68-ஆம் வயதில் நடந்துகொண்டிருந்தார்.

கட்டடத்தை எழுப்புவது ஒரு பணி. அதனுள் உயிர் ஊட்டுவது மற்றொரு பணி. இரண்டாவது பணியை அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி ஏற்றார். அவர் வெளிநாடு சென்று புற்றுநோய் மருத்துவத்தில் தனிப்பயிற்சி பெற்றவர். 1955-இல் டாக்டர் சாந்தா அவருடன் இணைந்தார். அரசுப் பணியில் எளிதாக அமைந்திருக்கக்கூடிய வாழ்வை விட்டு, சிறிய மருத்துவமனையை நாடி வந்த இளம்பெண் அவர். கட்டிகளை ஊடுருவித் தாக்கும் கோபால்ட் கதிர்க் கருவி கனடா நாட்டின் நன்கொடையாக வந்து சேர்ந்தது. அறுவை, கதிர் மருத்துவம், மருந்து ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் ஒருங்கிணைந்தன. பொருளில்லை என்பதற்காக ஒருவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பது அந்நிலையத்தின் நெறியாயிற்று.

நெறி உயர்ந்ததேயாயினும் நாள்தோறும் வெற்றி கிடைத்துவிடவில்லை. இந்நோய்க்குரிய மருத்துவம் நெடியது, உடலை வருத்துவது. ஒரு வாரம் நலம் தோன்றும்; மறுவாரம் காய்ச்சலோ வாந்தியோ வந்து நோயாளியைத் தளர்த்தும். தீர்ந்தது என்று வீடு திரும்பியவர் சிலர் மீண்டும் வருவதுண்டு. காலங்கடந்து வந்தவர்களை மருத்துவர்களால் காக்க இயலாமற் போனதும் உண்டு. அத்தகையோருக்கும் வலியைத் தணித்து, இன்சொல் கூறி, இறுதிவரை உடனிருப்பது மருத்துவத்தின் கடமையே ஆகும். நோய் தீராதபோதும் நோயாளியைக் கைவிடலாகாது என்னும் இப்பண்பே, அன்புடையார் நோயாளியின் அருகிலிருந்து செய்யும் தொண்டின் உயிர்நிலை.

இந்திய அரசு 1956-ஆம் ஆண்டில் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது. 1968-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் நட்ட செடி வளர்ந்து மரமாயிற்று. 12 படுக்கைகளுடன் தொடங்கிய நிலையம் நூற்றுக்கணக்கான படுக்கைகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் மருத்துவக் கல்வியும் உடைய பெருநிலையமாக விரிந்தது. டாக்டர் சாந்தா 2021-ஆம் ஆண்டில் மறையும்வரை, 65 ஆண்டுகளுக்கு மேல், அதன் பணியிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். ஏழை மகளிர் பேறுகாலத்தில் பெறும் அரசு உதவித் திட்டம் முத்துலட்சுமி அம்மையாரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

விருதுநகரிலும் சிவகாசியிலும் இருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு இரவு இரயிலில் சென்னை செல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. மகன் தாயைத் தாங்கிப் பிடித்து வருகிறான். மனைவி கணவனின் மருத்துவச் சீட்டுகளைத் துணிப்பையில் பத்திரமாக வைத்திருக்கிறாள். அண்டையிலுள்ள மதுரையில் 1954-இல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. விருதுநகரிலேயே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆதலால் 1923-இல் இருந்த தொலைவு இன்று பெரிதும் குறைந்துள்ளது. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களைத் தொடக்கத்திலேயே கண்டறிய எளிய சோதனைகள் உள்ளன. ஆறாத புண், வலியற்ற கட்டி, காரணம் தெரியாத குருதிப்போக்கு ஆகியவற்றை அச்சத்தாலோ நாணத்தாலோ மறைத்தல் கூடாது. நம் வீட்டார் அவற்றை மறைத்தால், அன்புடன் வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் கடமையாகும்.

அன்புக்குரியவர் பிரிந்தபின் அழுது ஓய்வது உலகத்து இயல்பு. முத்துலட்சுமி அம்மையாரும் அழுதார். ஆனால் அழுகையோடு நின்றுவிடவில்லை. தம் தங்கைக்குக் கிடைக்காத மருத்துவம் பிறர் தங்கையருக்குக் கிடைக்கவேண்டும் என்று 31 ஆண்டுகள் உழைத்தார். ஒருவர்மேல் வைத்த அன்பு ஊருக்கெல்லாம் பயன்படும் அறமாக வளரக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.