44-ம் நம்பர் சட்டை

1961-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 6-ந் தேதி. நியூயார்க் நகரம்.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடி அன்று அந்த நகரத்துக்கு வந்திருந்தார். அவருக்கு ஆயிரம் வேலைகள். ஆனாலும், ஒரு கல்லூரி மாணவர் பரிசு வாங்குவதற்காக அதே ஊருக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், அவரைப் பார்க்க விரும்பினார். மாணவர் ஜனாதிபதி தங்கியிருந்த ஓட்டலுக்குப் போனார். ஜனாதிபதி கைகுலுக்கி வாழ்த்தினார்.

அந்த மாணவருக்கு 22 வயது முடிய இன்னும் 8 நாள் இருந்தது. பெயர் எர்னி டேவிஸ். சிராக்யூஸ் பல்கலைக் கழகத்தின் கால்பந்து வீரர். அன்று அவருக்குக் கிடைத்தது ஹைஸ்மன் கோப்பை. அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து ஆடுகிறவர்களில் ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் அந்தக் கோப்பை. 1935 முதல் 1960 வரை 26 பேர் அதை வாங்கியிருந்தார்கள். 26 பேரும் வெள்ளையர்கள்.

27-வது ஆளாக வந்த எர்னி டேவிஸ், கறுப்பர்.

பாட்டனார் வீடு

எர்னி தன் தந்தையின் முகத்தைப் பார்த்ததில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே தந்தை ஒரு விபத்தில் இறந்துவிட்டார். 1939 டிசம்பர் 14-ந் தேதி, பென்சில்வேனியா மாநிலத்தில் நியூ சேலம் என்ற சிற்றூரில் எர்னி பிறந்தான். தாயாருக்குத் தனியாகப் பிள்ளையை வளர்க்க வசதி இல்லை. யூனியன்டவுன் என்ற ஊரில் இருந்த தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் குழந்தையை எடுத்துக்கொண்டார்கள். பாட்டனாருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை.

சிறு வயதில் எர்னிக்குத் திக்குவாய். பேச வாயெடுத்தால் சொல் நடுவில் நின்றுவிடும். அதனால் அதிகம் பேச மாட்டான். பேசாத பையன் விளையாட்டில் இறங்கினான். அங்கே வாய்க்கு வேலை இல்லை.

அவனுக்கு 12 வயது ஆனபோது தாயார் அவனைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் மூன்றும் ஆடினான். அவன் இருந்த கூடைப்பந்து அணி தொடர்ந்து 52 ஆட்டங்களில் ஜெயித்தது. படிப்பு முடிவதற்குள் பல கல்லூரிகளிலிருந்து அவனைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

கஜக் கணக்கு

இங்கே அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர்தான் கால்பந்து. காலுக்கு அதில் வேலை குறைவு. பந்து உருண்டையாக இராது, மட்டை உரிக்காத தேங்காய்போல் நீண்டிருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிர்க்கட்சியில் 11 பேர். அவர்கள் ஓடி வந்து ஆளைப் பிடித்துக் கீழே சாய்ப்பார்கள். நம் ஊர்ச் சடுகுடுவையும் ஓட்டப் பந்தயத்தையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி இருக்கும்.

மைதானத்தின் நீளம் 100 கஜம். 4 முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து அடுத்த கட்சிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு தாண்டிவிட்டால் 6 புள்ளி. அதற்கு 'டச் டவுன்' என்று பெயர். ஆகவே, ஒரு ஓட்டத்துக்கு மூன்று நான்கு கஜம் கிடைத்தாலே பயிற்சியாளருக்குத் திருப்திதான்.

ஆட்டம் நடக்கும்போதே கணக்கு எழுதுவதற்கு ஆள் உண்டு. யார் ஓடினார், எத்தனை கஜம் ஓடினார், எத்தனை புள்ளி எடுத்தார் என்று மளிகைக் கடைப் பேரேடுபோல் எழுதிவிடுவார்கள். பின்னால் தள்ளப்பட்டால் அந்தக் கஜம் கழிக்கப்படும். ஒவ்வொரு கல்லூரியிலும் இப்படி ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதில் முதல் இடத்தில் இருப்பவர்தான் அந்தக் கல்லூரியின் சாதனை வீரர்.

சிராக்யூஸ் கல்லூரிப் புத்தகத்தில் அப்போது முதல் இடத்தில் இருந்தவர் ஜிம் பிரவுன். அவரும் கறுப்பர். 1954 முதல் 1956 வரை மூன்று பருவங்கள் ஆடி 2,091 கஜம் ஓடியிருந்தார். 25 டச் டவுன். 187 புள்ளி. கோல்கேட் கல்லூரிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 43 புள்ளி எடுத்தவர் அவர். கல்லூரியை விட்டதும் கிளீவ்லாந்து நகரத்தின் தொழில்முறை அணியில் சேர்ந்து நாடறிந்த வீரர் ஆகிவிட்டார்.

எந்தக் கல்லூரியில் சேருவது என்று எர்னி யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், சிராக்யூசுக்கு வரச் சொல்லி அவரிடம் பேசியவர் இந்த ஜிம் பிரவுன்தான். பிரவுன் அணிந்த சட்டையின் எண் 44. எர்னி வந்ததும் பயிற்சியாளர் ஸ்வார்ட்ஸ்வால்டர் அந்த எண்ணையே அவருக்குக் கொடுத்தார். தன் பெயரைப் புத்தகத்தில் கீழே தள்ளப்போகிறவரைத் தானே அழைத்துவந்த மனிதர் பிரவுன்!

டல்லாஸ் விருந்து

அந்தக் காலத்து விதிப்படி முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் பெரிய அணியில் ஆட முடியாது. ஆகவே எர்னிக்குக் கிடைத்தது மூன்றே பருவங்கள்.

முதல் பருவம் 1959. எர்னி 98 தடவை பந்தோடு ஓடி 686 கஜம் சேர்த்தார். சராசரி 7 கஜம். அந்த ஆண்டு சிராக்யூஸ் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 1960 ஜனவரி முதல் தேதி, டெக்ஸாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில், டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தோடு 'காட்டன் பவுல்' ஆட்டம். அதற்குச் சில நாள் முன்பு எர்னிக்குத் தொடையில் தசை பிடித்துக்கொண்டது. ஆட முடியுமா என்பதே சந்தேகமாக இருந்தது.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்துக்குள் ஒரு தோழர் வீசிய பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அந்த வீச்சுக்கும் ஓட்டத்துக்கும் சேர்த்துக் கணக்கு 87 கஜம்! அதுவரை அந்தப் போட்டியில் யாரும் அவ்வளவு தூரத்திலிருந்து பந்தைப் பிடித்து டச் டவுன் எடுத்ததில்லை. பிடித்துக்கொண்ட தொடையோடு அன்று இரண்டு டச் டவுன். போதாதென்று எதிரி வீசிய ஒரு பந்தைப் பறித்தும் கொடுத்தார். சிராக்யூஸ் 23-க்கு 14 என்று ஜெயித்தது. ஆட்டத்தின் நடுவே மைதானத்தில் கைகலப்பும் நடந்தது. தங்கள் கறுப்புத் தோழர்களை எதிர்க்கட்சியார் இழிசொல் சொல்லித் திட்டியதாகச் சிராக்யூஸ் ஆட்டக்காரர்கள் புகார் சொன்னார்கள்.

ஆட்டத்தின் சிறந்த வீரர் என்ற விருது எர்னிக்கு. இரவு விருந்து. அங்கேதான் சிக்கல். கறுப்பர்கள் வந்து விருதை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்குப் பிறகு அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கல்யாண மாப்பிள்ளைக்குப் பந்தியில் இலை இல்லை என்பதுபோல! ஆட்டத்தின் கணக்கைப் புத்தகத்தில் எழுதியவர்கள், இதை எழுத அதில் ஒரு கட்டம் வைக்கவில்லை.

முந்திய எண்கள்

1960-ல் எர்னி 112 ஓட்டத்தில் 877 கஜம். சராசரி 7.8. ஏறக்குறைய இரண்டு பேர் ஓட வேண்டிய தூரத்தை ஒருவர் ஓடினார். 1961-ல் எல்லா எதிர்க்கட்சிகளும் அவர் ஒருவரையே குறிவைத்தன. 150 தடவை ஓடியும் 823 கஜம்தான் கிடைத்தது. சராசரி 5.5-க்கு இறங்கியது. ஆனால் டச் டவுன் 15!

மூன்று ஆண்டுக் கூட்டுத் தொகை 2,386 கஜம். டச் டவுன் 35. புள்ளி 220. மூன்றிலும் ஜிம் பிரவுன் இரண்டாம் இடத்துக்குப் போனார். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே பருவத்தில் பிரவுன் ஓடிய 986 கஜத்தையும், ஒரே ஆட்டத்தில் எடுத்த 43 புள்ளியையும் எர்னியால் தொட முடியவில்லை. அந்த இரண்டும் பிரவுனிடமே இருந்தன.

இன்னொரு விசேஷம். 'பவுல்' ஆட்டங்களை வீரரின் கணக்கில் சேர்க்கும் வழக்கம் 2002-ல்தான் வந்தது. அதனால் டல்லாஸில் ஓடிய 87 கஜத்துக்கு எர்னியின் பக்கத்தில் இடமில்லை. 1961 டிசம்பர் 16-ந் தேதி, தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில், மியாமி அணிக்கு எதிராக அவர் ஓடிய 140 கஜமும் 2,386-ல் சேரவில்லை. அந்த ஆட்டத்தில் சிராக்யூஸ் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. 15-க்கு 14.

விலை போன வீரர்

கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள் ஒன்று உண்டு. 1961 டிசம்பரில் எல்லோருக்கும் முதலாவதாக எர்னியைத் தேர்ந்தெடுத்தது வாஷிங்டன் அணி. கறுப்பர் ஒருவர் முதல் ஆளாகத் தேர்வானது அதுவே முதல் தடவை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தச் சங்கத்தில் கறுப்பர் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் இருந்த ஒரே அணி வாஷிங்டன்தான். அதன் முதலாளி மார்ஷல் பிடிவாதக்காரர். ஆனால் அணி ஆடிய புது மைதானம் இருந்தது அரசாங்க நிலம். கறுப்பர்களைச் சேர்க்காவிட்டால் மைதானம் கிடையாது என்று கென்னடியின் மந்திரி உடால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளி வழிக்கு வந்தார். எர்னியைக் கிளீவ்லாந்து அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு பாபி மிட்செல் என்ற கறுப்பு வீரரை வாங்கிக்கொண்டார்.

கிளீவ்லாந்தில் யார் இருந்தது? ஜிம் பிரவுன்! பழைய 44-ம் புதிய 44-ம் ஒரே அணியில் ஓடப் போகிறார்கள் என்று ரசிகர்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கழுத்து வீக்கம்

1962 ஜூலை மாதக் கடைசி. சிகாகோவில் ஒரு பெரிய ஆட்டத்துக்காகப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் எர்னி எழுந்தபோது கழுத்து வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். இரத்தத்தைச் சோதித்தார்கள்.

இரத்தப் புற்றுநோய்.

அக்காலத்தில் அதற்குத் தீர்க்கும் மருந்து இல்லை. எர்னியிடம் முதலில் உண்மையைச் சொல்லவில்லை. அக்டோபர் மாதம்தான் டாக்டர்கள் சொன்னார்கள். இடையில் நோய் சிறிது அடங்கியது. உடம்பில் பலமும் வந்தது. ஆடவிடலாம் என்றார் அணி முதலாளி. பயிற்சியாளர் சம்மதிக்கவில்லை. அவர் செய்தது சரியா, தப்பா என்று வெகு காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். சாகப்போகிறவரை அடிதடி ஆட்டத்தில் இறக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் துணிவது கஷ்டம். சாகப்போகிறவர் ஒரே ஒரு தடவை ஆட ஆசைப்பட்டதிலும் குற்றமில்லை.

1962 ஆகஸ்டு 18-ந் தேதி இரவு கிளீவ்லாந்து மைதானத்தில் 70 ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் எர்னியின் பெயரைச் சொன்னார்கள். விளக்கு ஒளி அவர்மேல் விழுந்தது. ஒளி வட்டத்துக்குள் தனியாக ஓடி வந்தார். கூட்டம் எழுந்து ஆரவாரம் செய்தது. பந்து இல்லாத அந்த ஓட்டம்தான் அங்கே அவர் ஓடியது.

1963 மார்ச்சில் ஒரு பத்திரிகையில் தம் கதையை எழுதினார். தம்மைத் துரதிர்ஷ்டசாலி என்று அவர் நினைக்கவில்லை. 23 வயதுக்குள் பலருக்கு ஆயுள் முழுவதும் கிடைக்காதது தமக்குக் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தார்.

மே 16-ந் தேதி அணி அலுவலகத்துக்குப் போய் முதலாளியுடன் பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 18-ந் தேதி காலமானார். வயது 23.

எல்மைராவில் அவர் உடலைப் பார்க்க ஆயிரக் கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். கென்னடி அனுதாபச் செய்தி அனுப்பினார். புகழ்பெற்ற எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் அடக்கமான அதே இடுகாட்டில் எர்னியையும் அடக்கம் செய்தார்கள்.

அடுத்தவர்

நோயோடு இருந்த காலத்திலும் எர்னி தம் கல்லூரிக்காக ஒரு காரியம் செய்தார். பயிற்சியாளரோடு போய், பிளாய்டு லிட்டில் என்ற இளைஞரைச் சிராக்யூசுக்கு வரச் சொல்லிக் கேட்டார். லிட்டில் முடிவு செய்யாமல் இருந்தார். எர்னி இறந்த செய்தி கேட்டதும் சிராக்யூசில் சேர்ந்தார். 44-ம் எண் சட்டை அவருக்குப் போனது.

எர்னியின் 2,386 கஜத்தைத் தாண்டியவரும் அவர்தான். 1966-ல் 2,704 என்று முடித்தார். அடுத்த ஆண்டே லாரி சோங்கா 2,934 என்று முந்தினார். 1981-ல் ஜோ மாரிஸ் 4,299. அதற்குள் விதி மாறி, முதலாண்டு மாணவர்களும் ஆட அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு ஓட்டத்துக்கு எத்தனை கஜம் என்ற சராசரியில், எர்னியின் 6.63-ஐ இந்த மூவரில் ஒருவரும் எட்டவில்லை.

2005 நவம்பர் 12-ந் தேதி, 44-ம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று சிராக்யூஸ் பல்கலைக் கழகம் முடிவாக அறிவித்தது. அந்தப் பல்கலைக் கழகத்தின் அஞ்சல் குறியீட்டு எண்கூட 44-ல்தான் முடிகிறது.

கிளீவ்லாந்தில் எர்னிக்குக் கொடுத்த சட்டை எண் 45. அந்த எண்ணையும் அவருக்குப் பிறகு யாருக்கும் கொடுக்காமல் எடுத்துவைத்துவிட்டார்கள். அந்த அணியின் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே ஓடிய கஜம் 0. ஆடிய ஆட்டம் 0.